2.0 திரைப்படம்: ராட்சத விலங்குப் பட மரபும் பார்வையாளர் எதிர்வினையும்

2.0 (2018) ஷங்கர் இயக்கிய தமிழ் அறிவியல் கற்பனைத் திரைப்படம். எந்திரன் (2010) படத்தின் தொடர்ச்சி. ரஜினிகாந்த், அக்‌ஷய் குமார், ஏமி ஜாக்சன் நடித்தனர். கைபேசிகளால் ஆன ராட்சதப் பறவை சென்னையைத் தாக்குவது இதன் மையக் கதை. ஜப்பானில் காட்ஸில்லா படங்கள் வழியாக உருவான ராட்சத விலங்குப் படம் என்னும் வகைமைக்குத் தமிழில் மிக நெருங்கி வந்த படம் இது. படத்தைப் பார்த்தவர்களில் கணிசமானோர் கதாநாயகனைவிட எதிர்நாயகனான பட்சிராஜனுக்காக மனம் இரங்கினர். அந்த இரக்கம் எங்கிருந்து வந்தது, படம் அதற்கு என்ன பதில் சொன்னது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜப்பானிய முன்மாதிரி

ராட்சத விலங்குப் படங்களை ஜப்பானியர் கைஜூ படங்கள் என்பர். கைஜூ என்றால் விசித்திர விலங்கு என்று பொருள். இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படும் காட்ஸில்லா 1954 நவம்பர் 3 அன்று வெளியானது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. சிறப்புக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி த்சுபுராயா. தயாரித்த நிறுவனம் தோஹோ.

அப்படத்துக்குப் பின்னால் ஓர் உண்மை நிகழ்வு இருந்தது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவுப் பகுதியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடத்தியது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் செப்டம்பர் மாதம் இறந்தார். அடுத்த சில வாரங்களில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. ஹைட்ரஜன் குண்டால் உறக்கம் கலைந்த ஆதிவிலங்கு கடலிலிருந்து எழுந்து டோக்கியோவை எரிப்பதைக் கண்ட பார்வையாளர்களுக்கு அது வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் இழந்த நாடு அது. நாடு பட்ட துயரத்தைப் படம் காசாக்குகிறது என்று அன்றைய ஜப்பானிய விமர்சகர் சிலர் குறை கூறினர். ஆயினும் சுமார் 96 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன.

அடுத்த ஆண்டே தொடர்ப்படம் வந்தது. 1955 ஏப்ரல் 24 அன்று வெளியான அதன் பெயர் காட்ஸில்லாவின் எதிர்த்தாக்குதல் என்று பொருள்படும். இயக்கியவர் மோட்டோயோஷி ஓடா. முதல் காட்ஸில்லா இறந்துவிட்டதால் இதில் இன்னொரு காட்ஸில்லா வருகிறது. அதனுடன் மோத அங்கிரஸ் என்னும் முள்முதுகு விலங்கும் வருகிறது. மீன் கூட்டங்களை வானிலிருந்து தேடும் நிறுவனத்தின் விமானிகள் இவ்விரு விலங்குகளையும் ஒரு தீவில் முதலில் காண்கின்றனர். பின்பு ஒசாகா நகரமும் அதன் கோட்டையும் இவற்றின் சண்டையில் நொறுங்குகின்றன. இறுதியில் காட்ஸில்லா பனிச்சரிவில் புதைக்கப்படுகிறது.

தொடர்ப்படத்துக்குச் சுமார் 83 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் படத்தின் தாக்கம் அதற்கு இல்லை என்பதே அன்று தொட்டுச் சொல்லப்படும் கருத்து. முதல் படத்தில் காட்ஸில்லா மெல்ல நகரும் ஒரு பேரழிவு. தொடர்ப்படத்தில் அது வேகமாக அசைந்து மல்யுத்தம் செய்கிறது. முதல் படத்தைப் பார்த்தவர் தம் ஊர் எரிவதைக் கண்டார். தொடர்ப்படத்தைப் பார்த்தவர் எந்த விலங்கு வெல்லும் என்று கணக்குப் பார்த்தார். அச்சம் இருந்த இடத்தில் போட்டி வந்து அமர்ந்தது. பின்பு ஏழு ஆண்டுகள் தோஹோ காட்ஸில்லாவைத் தொடவில்லை. 1962-இல் கிங் காங்குடன் அதை மோதவிட்டபோது ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அப்படம் வெளிப்படையான கேளிக்கை.

1964 டிசம்பரில் வெளியான மூன்று தலை கிடோரா படம் இவ்வரிசையில் ஒரு திருப்பம். விண்ணிலிருந்து வந்த கிடோராவை எதிர்க்க உதவும்படி மோத்ரா என்னும் பெரும் விட்டில், காட்ஸில்லாவையும் ரோடானையும் கேட்கிறது. விலங்குகள் பேசிக்கொள்வதை இரு சிறு பெண்கள் மனிதர்களுக்கு மொழிபெயர்க்கின்றனர். மனிதர்கள் எப்போதும் தங்களைத் துன்புறுத்தியே வந்தார்கள், அவர்களைக் காப்பாற்ற வேண்டிய காரணம் இல்லை என்பது காட்ஸில்லாவின் வாதம். படம் இதை நகைச்சுவை கலந்தே காட்டுகிறது. ஆனாலும் பத்தாண்டுகளுக்குப் பின் அந்த விலங்கின் முறையீடு முதன்முறையாகச் சொற்களாக ஒலித்தது. அதைக் கேட்ட பின்னரே அது மனிதர் பக்கம் நின்று போரிட்டது. தொடர்ப்படங்களின் வழியாக ஜப்பான் தன் பூதத்துக்கு ஓர் இடம் கொடுத்தது எனலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்வகைமைக்கு நீண்ட வரலாறு இல்லை. காட்ஸில்லாவின் தாக்கத்தில் பல்வந்த் தவே இயக்கிய கோகோலா என்னும் இந்திப் படம் 1966-இல் வெளிவந்தது. தமிழ்ப் பார்வையாளருக்குக் காட்ஸில்லா பெரும்பாலும் ஹாலிவுட் வழியாகவே அறிமுகம். 2021 மார்ச் 24 அன்று வெளியான காட்ஸில்லா வெர்சஸ் காங் இந்தியாவில் ஆங்கிலத்துடன் தமிழ், தெலுங்கு, இந்தி மொழிகளிலும் திரையிடப்பட்டது. பெருந்தொற்றால் திரையரங்குகள் முடங்கிக் கிடந்த காலத்தில் கூட்டம் சேர்த்த படம் அது.

தமிழ்ப் புராணக் கதைப் படங்களிலும் மாயாஜாலப் படங்களிலும் பூதங்களும் அரக்கர்களும் உண்டு. ஆனால் அறிவியல் யுகத்தின் தவறு ஒன்றிலிருந்து பிறந்து நகரத்தைத் தாக்கும் பேருருவம் தமிழ்த் திரையில் முழு அளவில் வந்தது 2.0 படத்தில்தான்.

எந்திரனின் தொடர்ச்சி

எந்திரன் 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. விஞ்ஞானி வசீகரன் உருவாக்கிய சிட்டி என்னும் இயந்திர மனிதன் மனித உணர்ச்சிகளைப் பெற்று, காதலில் ஏமாற்றமடைந்து, அழிவுச் சக்தியாக மாறுவது அதன் கதை. சிட்டி தன்னைத் தானே பிரித்து அடுக்கி வைக்கும் இறுதிக் காட்சி பார்வையாளர்களை நெகிழச் செய்தது. தான் படைத்ததையே மனிதன் தண்டிக்கும் துயரம் அதில் இருந்தது. படத்தின் பூதமும் சிட்டிதான், பார்வையாளரின் செல்லமும் சிட்டிதான்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2018 நவம்பர் 29 அன்று 2.0 வெளியானது. லைகா நிறுவனம் தயாரித்தது. ஜெயமோகன் வசனம் எழுதினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். ஒளிப்பதிவு நீரவ் ஷா. ஒலி வடிவமைப்பு ரசூல் பூக்குட்டி. முப்பரிமாணக் கேமராக்களிலேயே நேரடியாகப் படமாக்கப்பட்டது. அதுவரை இந்தியாவில் மிக அதிகச் செலவில் எடுக்கப்பட்ட படம் என்று பேசப்பட்டது. ரஜினிகாந்தின் முத்து 1998-இல் ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றதிலிருந்து அங்கு அவருக்குத் தனிப் பார்வையாளர் கூட்டம் உண்டு. 2.0 படமும் 2019-இல் ஜப்பானில் திரையிடப்பட்டது.

கதைச் சுருக்கம்

சென்னையில் மக்களின் கைகளிலிருந்து கைபேசிகள் பறந்து மறைகின்றன. கைபேசிக் கடை முதலாளியும் தொலைத்தொடர்புத் தொழிலதிபரும் அமைச்சரும் கைபேசிகளாலேயே கொல்லப்படுகின்றனர். கைபேசிகள் ஒன்றுதிரண்டு பெரும்பறவையின் உருவெடுக்கின்றன. வசீகரன் அரசின் அனுமதியுடன் சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கிறார்.

அப்பறவைக்குள் இருப்பது பட்சிராஜன் என்னும் முதிய பறவையியலாளரின் ஆவி. பறவைகளுக்காகச் சரணாலயம் அமைத்து வாழ்ந்தவர். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் சிட்டுக்குருவிகள் சாகின்றன என்று அவர் நம்புகிறார். நிறுவனங்களிடமும் அரசிடமும் நீதிமன்றத்திடமும் முறையிடுகிறார். எங்கும் பயன் இல்லை. கடைசியில் கைபேசிக் கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். இறந்த பறவைகளின் ஆற்றலும் அவருடைய ஆற்றலும் இணைந்து பேருருவாகின்றன.

சிட்டி முதலில் அந்த ஆற்றலை அடக்குகிறது. அது மீண்டும் விடுபட்டு வசீகரனின் உடலில் புகுகிறது. 2.0 வடிவத்தில் திரும்பும் சிட்டியும், 3.0 என்னும் குட்டி இயந்திரங்களும் விளையாட்டு அரங்கில் நடக்கும் இறுதிப் போரில் பட்சிராஜனை வீழ்த்துகின்றன. முடிவில் வசீகரன் பட்சிராஜனின் நோக்கம் நியாயமானது என்று ஏற்றுப் பேசுகிறார்.

பார்வையாளர் எதிர்வினைகள்

படத்துக்குக் கிடைத்த எதிர்வினைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, காட்சி வியப்பு. கைபேசிகள் சாலையில் ஆறுபோல ஓடுவதும், காட்டு மரங்களின் மேல் ஒளிர்ந்து படர்வதும், பறவையாகத் திரள்வதும் பெரும்பாலோரைக் கவர்ந்தன. தமிழில் இவ்வளவு செய்ய முடியுமா என்ற பெருமிதம் இவ்வெதிர்வினையில் கலந்திருந்தது. குழந்தைகள் 3.0 குட்டிகளை விரும்பினர்.

இரண்டாவது, ஒப்பீட்டால் வந்த ஏமாற்றம். எந்திரனில் நகைச்சுவையும் காதலும் ஒரு நல்ல தத்துவச் சிக்கலும் இருந்தன. இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அது. 2.0 படத்தில் சிட்டிக்கு அப்படி ஓர் உள்முரண்பாடு இல்லை. அது வரவழைக்கப்பட்ட ஆயுதம் மட்டுமே. முதல் பாதி நீளமாக இருக்கிறது, ஆற்றல் பற்றிய விளக்கங்கள் ஒட்டவில்லை என்ற குறைகளும் பரவலாகச் சொல்லப்பட்டன. 1955-இன் ஜப்பானியத் தொடர்ப்படத்தைப் பற்றிய குறையும் இதே தன்மையது. பூதத்துக்கு எதிரி கிடைத்துவிட்டால் அதன் அகம் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, பட்சிராஜன் மீதான பரிவு. முன்கதை முழுக்க அமைதியானது. அக்‌ஷய் குமாரின் தோற்றம் பறவையியலாளர் சலீம் அலியை (1896–1987) நினைவூட்டுவதாகப் பலர் குறிப்பிட்டனர். நா. முத்துக்குமார் எழுதிய ‘புள்ளினங்காள்’ பாடல் இப்பகுதியின் உணர்வைத் தாங்குகிறது. 2016-இல் மறைந்துவிட்ட கவிஞரின் குரல் பறவைகளை நோக்கி ஒலிப்பதும் கேட்பவரைத் தொட்டது. படம் முடிந்தபின் மிகுதியாகக் கேட்ட கருத்து, வில்லன் சொல்வதுதானே சரி என்பது.

நான்காவது, அறிவியல் சார்ந்த எதிர்ப்பு. படம் வெளியாகும் முன்பே இந்தியக் கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் திரைப்படத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. கைபேசிகளையும் கோபுரங்களையும் உயிருக்கு ஊறு செய்பவையாகக் காட்டுவது அறிவியலுக்கு முரணானது என்பது அதன் வாதம். தொழில் நலன் உள்ள அமைப்பின் வாதம் என்பதாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. சொல்பவர் யார் என்பதைப் போலவே சொல்லப்படுவது உண்மையா என்பதும் முக்கியம்.

நாஞ்சில் நாட்டுக் கதைமரபும் பட்சிராஜனும்

பட்சிராஜனுக்காகப் பார்வையாளர் இரங்கியதற்கு நடிப்பும் இசையும் மட்டும் காரணமல்ல. அக்கதையின் வடிவம் தமிழர்களுக்கு, குறிப்பாகத் தென்தமிழ்நாட்டினருக்கு, மிகப் பழக்கமானது.

குமரி, நெல்லை மாவட்டங்களில் நாட்டார் தெய்வங்களின் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு பாடப்படுகிறது. அக்கதைகளில் பெரும்பகுதி அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைப் பற்றியவை. அவற்றுக்குப் பொதுவான ஒரு நடை உண்டு. நல்லவர் ஒருவர் வாழ்கிறார். பேராசையாலோ சாதிக் கொடுமையாலோ அதிகாரத்தாலோ கொல்லப்படுகிறார், அல்லது தற்கொலைக்குத் தள்ளப்படுகிறார். கயிலையில் சிவனிடம் வரம் வாங்கி ஆவியாகத் திரும்புகிறார். கொன்றவரையும் அவர் குலத்தையும் அழிக்கிறார். ஊர் நடுங்குகிறது. இறுதியில் ஊரார் பிழையை ஒப்புக்கொண்டு, நிலையம் அமைத்து, கொடை கொடுக்கின்றனர். அழித்த ஆவி காக்கும் தெய்வமாக அமர்கிறது. கொலையுண்டு பழிதீர்த்த நீலி இசக்கியாக அமர்ந்த கதையை முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலோடு இணைத்து இப்பகுதியினர் சொல்வர்.

பட்சிராஜன் கதையின் முதல் மூன்று படிகள் அப்படியே இவ்வடிவில் உள்ளன. நல்லவர், அநியாயச் சாவு, பழிதீர்ப்பு. அவர் பழிவாங்கும் மூவரும் அவருடைய முறையீட்டைப் பணத்துக்காகவும் பதவிக்காகவும் தள்ளிய தரப்பினர் என்பதும் மரபுக்குப் பொருந்துகிறது. வசனம் எழுதிய ஜெயமோகன் குமரி மாவட்டத்துக்காரர். இப்பகுதியின் நாட்டார் தெய்வக் கதைகளைப் புனைவிலும் கட்டுரையிலும் எழுதியவர். பட்சிராஜன் என்ற பெயரே கருடனைக் குறிப்பது. சீதையைக் காக்க இராவணனோடு பொருது சிறகு வெட்டுண்டு விழுந்த சடாயுவும் இங்கு நினைவுக்கு வரும். பறவை நீதிக்காகப் போரிட்டால் தமிழ் மனம் பறவையின் பக்கம் நிற்கும்.

நான்காவது படி இப்படத்தில் இல்லை. பட்சிராஜனுக்கு நிலையம் இல்லை. ஊர் கூடிப் பிழையை ஒப்புக்கொள்ளும் காட்சி இல்லை. அவர் தோற்கடிக்கப்படுகிறார், சிதறடிக்கப்படுகிறார். பின்பு வசீகரன் சில வாக்கியங்களில் அவரைப் பாராட்டுகிறார். வில்லுப்பாட்டில் கதை முழுவதும் எதை நோக்கி நகர்கிறதோ அது இங்கு ஒரு பின்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. படம் முடிந்தபின் பார்வையாளரிடம் எஞ்சிய நெருடல் இதுவே. தீமை ஒழிந்தது என்ற நிறைவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மனிதர் இரண்டாம் முறை கொல்லப்பட்டார் என்ற உணர்வே மிஞ்சியது.

ஜப்பானியத் தொடர்ப்படங்களை இதனோடு ஒப்பிடலாம். 1955-இல் காட்ஸில்லாவைப் பனியில் புதைத்தது ஒரு தற்காலிகத் தீர்வு. பார்வையாளரும் அதை முடிவாக ஏற்கவில்லை, தயாரிப்பாளரும் ஏற்கவில்லை. 1964-இல் அதன் முறையீட்டை ஒலிக்கவிட்ட பிறகே அது மக்களின் காவல் விலங்காகத் தொடர முடிந்தது. விலங்கு சாந்தமாக வேண்டுமானால் அதன் வழக்கை யாராவது கேட்டாக வேண்டும். முப்பந்தலின் கதை சொல்வதும் அதுவே.

புறாக்களின் காட்சி

படத்தின் அறச்சிக்கல் ஒரே காட்சியில் குவிகிறது. இறுதிப் போரில் சிட்டி தோற்கும் நிலை வருகிறது. அப்போது 3.0 குட்டிகள் புறாக்களின் மேல் ஏறிப் பறந்து வருகின்றன. பட்சிராஜனால் அவற்றைத் தாக்க முடியாது. தாக்கினால் புறாக்கள் சாகும். அவருடைய பறவை நேசமே அவரை மடக்கும் பொறியாகிறது.

திரையரங்குகளில் கைதட்டல் பெற்ற காட்சிகளில் இதுவும் ஒன்று. குட்டிகளின் குறும்புப் பேச்சும் ரஜினிகாந்தின் நடிப்பும் அதைக் கொண்டாட்டமாக்கின. ஆனால் நடப்பது என்ன? பறவைகளுக்காக உயிர்விட்டவரின் முன் பறவைகளைப் பிணையாக நிறுத்தி வெல்கிறது நாயகத் தரப்பு. அந்தக் கணத்தில் பறவையைப் பறவையாகப் பார்ப்பவர் பட்சிராஜன் ஒருவரே. மற்றவர்களுக்கு அது ஒரு கேடயம்.

படம் இதை உணர்ந்து காட்டியிருந்தால் மிக வலுவான காட்சியாகியிருக்கும். நாம் வெல்கிறோம், ஆனால் எப்படி வெல்கிறோம் என்ற கேள்வி பார்வையாளரை உறுத்தியிருக்கும். 1954-இன் காட்ஸில்லாவில் அப்படி ஓர் உறுத்தல் உண்டு. விலங்கைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்த செரிசாவா, அது இன்னொரு குண்டாக மாறிவிடும் என்று அஞ்சிக் கருவியுடன் தானும் கடலடியில் இறக்கிறார். வெற்றிக்கு ஒரு விலை கொடுக்கப்படுகிறது. 2.0 படத்தின் வெற்றிக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. கைதட்டலும் பரிவும் ஒரே பார்வையாளரிடமிருந்து வந்தன. கைதட்டல் அரங்கிலேயே முடிந்தது. பரிவு வீடுவரை வந்தது.

கதிர்வீச்சும் குருவியும்

பட்சிராஜனின் வழக்கு உண்மையா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. காட்ஸில்லாவின் பின்னணியில் இருந்த ஹைட்ரஜன் குண்டும் பாதிக்கப்பட்ட மீனவர்களும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைகள். கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிகிறது என்பது அப்படி நிறுவப்பட்ட உண்மை அல்ல.

கதிர்வீச்சு என்ற சொல் இரு வேறு பொருள்களை ஒன்றாகக் காட்டிவிடுகிறது. அணுகுண்டிலிருந்தும் கதிரியக்கத் தனிமங்களிலிருந்தும் வருவது அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் உடையது. கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. குமரி மாவட்ட வாசகருக்கு இவ்வேறுபாடு எட்டாத ஒன்றல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. இந்திய அருமணல் ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நெய்யூர் மருத்துவமனை புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. புற்றுநோயைக் குணப்படுத்தவும் கதிர்வீச்சு பயன்படுகிறது. அளவும் வகையும் அறியாமல் அச்சொல்லை ஆள்வது அச்சத்தை மட்டுமே வளர்க்கும்.

கோபுரங்கள் பற்றிய கேள்வி அடிப்படையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-இல் பறவைகள், தேனீக்கள் மீதான அவற்றின் விளைவை ஆராய வல்லுநர் குழு அமைத்தது. 2012 செப்டம்பர் முதல் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பை இந்தியா பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதையும் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்றும் கூறியது. கைபேசிக் கோபுரங்களே காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும், கூடு கட்ட இடமும் குஞ்சுகளுக்குப் பூச்சியும் குறைந்ததே நம்பத்தகுந்த காரணம் என்றும் அது குறிப்பிட்டது.

சிட்டுக்குருவிக்குத் தமிழில் அடைக்கலாங்குருவி என்றும் பெயர். மனிதர் வீட்டில் அடைக்கலம் புகுந்து வாழ்வதால் வந்த பெயர். ஓட்டு வீட்டின் கழுக்கோல் இடுக்கிலும் உத்தரத்திலும் அது கூடு கட்டியது. முற்றத்தில் காய்ந்த நெல்லைத் தின்றது. காங்கிரீட் வீட்டில் இடுக்கு இல்லை. நெல் காயும் முற்றமும் இல்லை. பூச்சிமருந்து அடித்த வயலில் குஞ்சுக்குப் புழு இல்லை.

மற்றப் பறவைகளின் கதையும் இதுவே. கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் வலசைப் பறவைகளின் புகலிடங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் நாஞ்சில் நாட்டின் வயல்களில் பெரும்பகுதி வாழைத்தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. குளத்துக்கு வரும் பறவை இரை தேடுவது சுற்றியுள்ள வயலில். குளத்தை மட்டும் காத்து வயலை விற்றால் பறவை தங்காது.

படத்தின் மிகப் பெரிய குறை இங்குதான் உள்ளது. கைபேசியைக் குற்றவாளியாக்கியது பார்வையாளருக்கு வசதியாக அமைந்தது. குற்றம் அமைச்சர் மீதும் தொழிலதிபர் மீதும் கோபுரத்தின் மீதும் விழுந்தது. கூரையை மாற்றியவர், வயலை மனையாக்கியவர், பூச்சிமருந்து தெளித்தவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பட்டியலில் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் இருப்பார்கள். படம் முடிந்ததும் அவர்கள் கைபேசியை மீண்டும் இயக்கினார்கள் என்று கேலி செய்வது எளிது. கைபேசியை வீசியெறிந்திருந்தாலும் குருவிக்குப் பெரிய பயன் இருந்திருக்காது என்பதே கசப்பான உண்மை.

மதிப்பீடு

2.0 தமிழில் ராட்சத விலங்குப் படம் என்னும் வகைமையைத் தொழில்நுட்ப அளவில் சாதித்துக் காட்டிய படம். கையிலிருக்கும் கைபேசியே பறவையின் இறகாக மாறும் கற்பனை அசலானது. வெளிநாட்டு முன்மாதிரிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதல்ல. இறந்த நல்லவரின் ஆவி நீதி கேட்டு எழும் தமிழ் மரபை அது அறிவியல் கற்பனையோடு இணைத்தது. அவ்வகையில் படத்தின் சிறந்த பகுதி பட்சிராஜனின் முன்கதை.

தொடர்ப்படம் என்ற முறையில் அது 1955-இன் ஜப்பானியத் தொடர்ப்படத்தின் அதே பொறியில் சிக்கியது. இரண்டு பேருருவங்களை மோதவிட்டதும் கேள்வி மறைந்து போட்டி மட்டும் எஞ்சியது. எந்திரனில் ஒரே பாத்திரத்துக்குள் இருந்த நாயகனும் பூதமும் இங்கே இரண்டாகப் பிரிந்தன. கைதட்டல் ஒருவருக்கும் கண்ணீர் இன்னொருவருக்குமாகப் போயின.

பார்வையாளரின் எதிர்வினை படத்தைவிட நுட்பமாக இருந்தது என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு. அறிவியல் விளக்கத்தை நம்பாதவர்களும் பட்சிராஜனுக்காக வருந்தினார்கள். பறவைகள் குறைந்துவிட்டன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம் வீட்டு உத்தரத்தில் இருந்த கூடு இப்போது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். படம் தவறான குற்றவாளியைக் காட்டியபோதும் இழப்பை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள். அந்த உணர்வுக்கு நிலையம் அமைப்பது வயலையும் குளத்தையும் கூரையையும் பற்றிய பேச்சாகவே இருக்க முடியும்.